வெறும் சத்தம்

பாம்புக்காது மெத்தைக் கடைப் படியேறி வந்தபோது கோணியூசி ஒரு பழைய சோபாவின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தாள். வந்தவரை நிமிர்ந்து பார்த்தாள். கத்திரி ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது.

அவருக்குப் பாம்புக்காது என்று பேர் வைத்தது தெரு. மூன்று வீடு தள்ளி ஒரு ரேடியோ கரகரத்தால் எந்தப் பாகம் பழுது என்று தன் வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லுவார் என்று ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. வேறு ஆளாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். இவர் அதைப் பதக்கம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டார். மெத்தைக்காரரின் அக்கா புருஷன். குடும்பத்துக்கு மூத்த மாப்பிள்ளை. அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள்.

கோணியூசி, மெத்தைக்காரரின் மனைவி. அவள் கையில் எப்போதும் இருப்பது சாக்கு தைக்கிற நீள ஊசி. வாயிலும் அதைத்தான் வைத்திருக்கிறாள் என்று தெருவில் சொல்லுவார்கள், அவள் தாண்டிப் போன பிறகு.

"வாங்க அத்தான், உக்காருங்க." மெத்தைக்காரர் அவசரமாக ஸ்டூலில் படிந்திருந்த பஞ்சைத் தட்டினார். பஞ்சு எழுந்து அத்தானின் மீசையில் உட்கார்ந்தது.

"தொழில் எப்படி மாப்ள?"

"ஓடுது அத்தான்."

"எது, தொழிலா, வாடிக்கைக்காரனா?" தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "நம்ம பாட்டு ரூம் இருக்குல்ல, அது சத்தத்தைத் தின்னுது மாப்ள. வாத்தியம் எல்லாம் சேத்துல விழுந்த மாதிரி இருக்கு. புது ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். அப்பவும் அப்படித்தான். ஸ்பீக்கரை மாத்தினேன். அப்பவும் அப்படித்தான். கடைசியில புரிஞ்சு போச்சு. மிஷின் மேல தப்பில்ல, சுவர்தான் எதிரி."

"அது சரி அத்தான். வெறும் சுவர், வெறும் தரை, ஒரு பக்கம் பூரா கண்ணாடி ஜன்னல். சத்தம் பந்து மாதிரி அடிபட்டு அடிபட்டு வரும்."

"அதான். நீ அந்த ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்குப் பஞ்சுப் பலகை அடிச்சுக் குடுத்தியாமே. அதே மாதிரி எனக்கு அடிச்சுக் குடு. மூணாவது ஞாயித்துக்கிழமை நம்ம பாட்டுக் கேக்கற கோஷ்டி வீட்டுக்கு வருது. பல் டாக்டரும் வர்றார். அவர் ரூமைப் பத்தி அவர் பீத்திக்கிறது தாங்க முடியல. என் ரூமைக் கேட்டுட்டு அவர் தன் பல்லையே கடிச்சுக்கணும். நல்லா வந்துச்சுன்னா அவங்க எல்லாரும் உன்கிட்டதான் வருவாங்க."

மெத்தைக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. என்ன சாக்குச் சொல்லித் தப்பிக்கலாம் என்று தொண்டையைக் கனைத்தார். அதற்குள் சோபாவின் வயிற்றுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"செஞ்சு குடுத்துடலாம் அண்ணே. நாளைக்கே அளவெடுக்க வர்றோம்."

பாம்புக்காதுக்கே ஆச்சரியம். பதினொரு வருஷத்தில் அவள் அவரிடம் சேர்ந்தாற்போலப் பேசிய முதல் இரண்டு வாக்கியங்கள் அவை.

அவர் போன பிறகு மெத்தைக்காரர் கேட்டார். "என்ன நீ, யோசிக்காம ஒத்துக்கிட்ட?"

"பதினோரு வருஷமா யோசிச்சுட்டேன்," என்றாள் கோணியூசி. "அந்த ரூமுக்குள்ள போக வழி தேடிக்கிட்டு இருந்தேன். அவரே கதவைத் திறந்து விடுறார்."

*

கோணியூசியின் அம்மாவும் மெத்தை தைத்தவள்தான். மெத்தைக்குப் பொத்தான் கட்டுவதில் அவளுக்கு நிகர் கிடையாது. நீள ஊசியை மேலிருந்து இறக்கி, கீழே வாங்கி, திரும்ப மேலே ஏற்றி இழுத்து முடிச்சுப் போட வேண்டும். எல்லாப் பொத்தானும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும் என்றால் இழுப்பும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அதற்காக அவள் ஒரு பாட்டு வைத்திருந்தாள். யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை. அவளே கட்டியது.

*உள்ளே போன ஊசியே, ஊர் சுத்திப் பாத்தியா?*
*வெளியே வந்து சொல்லடி, வீடு எப்படி இருக்குது?*

முதல் அடிக்கு ஊசி உள்ளே போகும். இரண்டாவது அடிக்கு வெளியே வரும். 'இருக்குது' என்கிற இடத்தில் முடிச்சு இறுகும். பாட்டு நின்றால் கையும் நின்றுவிடும்.

அம்மா படுக்கையில் விழுவதற்குச் சில மாதம் முன்பு, கோணியூசி ஒரு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, தையல் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்து அதைப் பதிவு செய்தாள். இருபது நிமிஷம். கத்திரி, நூல், பாட்டு, நடுவில் "அந்தப் பொத்தானை எடுடி" என்று ஒரு அதட்டல். அம்மா இறந்த பிறகு அந்த ஒரே டேப் அறுந்துவிடுமோ என்று பயந்து, பிரதி எடுத்துத் தரச் சொல்லிப் பாம்புக்காதிடம் கொடுத்தாள். அவரிடம்தான் இரண்டு டேப் டெக் இருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கேட்கப் போனாள். அவர் அப்போது புதிதாக ஒரு மைக் வாங்கியிருந்தார். அதைச் சோதித்துப் பார்க்கிற அவசரத்தில் கைக்குக் கிடைத்த டேப்பைப் போட்டிருக்கிறார். கிடைத்தது அம்மா. இரண்டு பக்கமும் அவருடைய ஹலோ, ஹலோ.

அதற்கு அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் கதை வேறு. அவர் சொன்னது இது:

"அதுக்கு எதுக்கும்மா கண்ணைக் கசக்கறே? என்ன இருந்துச்சு அதுல? கத்திரிச் சத்தம், நூல் சத்தம், நடுவுல ஏதோ முனகல். சங்கீதமா அது? வெறும் சத்தம்தானே."

பக்கத்தில் மெத்தைக்காரர் உட்கார்ந்திருந்தார். கையில் டீ இருந்தது. அத்தானுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அதைக் குடித்து முடித்தார்.

*

அளவெடுக்கப் போன நாள் வெயில் கொளுத்தியது. கதவைத் திறந்தவள் அக்கா, கோணியூசிக்கு நாத்தனார். இவளை வாசலில் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். பன்னும் டீயும் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த அறை வீட்டிலேயே பெரியது. பளபளக்கும் டைல்ஸ் தரை. எதிரும் புதிருமாக இரண்டு வெறும் சுவர். ஜன்னல் சுவர் முழுக்கக் கண்ணாடி. முன்பக்கம் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு. பின்சுவரை ஒட்டி அவருடைய நாற்காலி, தோல் வைத்தது, அகலக் கை. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது.

கோணியூசி அறை நடுவில் நின்று ஒரு முறை கைதட்டினாள். தட்டு முடிந்த பிறகும் சுவர்களுக்கு நடுவே கம்பி அதிர்வது மாதிரி 'ட்ரிர்ர்' என்று ஒன்று ஓடி அடங்கியது.

"கேட்டுச்சா அண்ணே, அந்த ட்ரிர்ர்?"

"எது?"

இன்னொரு முறை தட்டினாள். மெத்தைக்காரர் தலையாட்டினார். வாசலில் நின்ற அக்காவும் தலையாட்டினாள். பாம்புக்காது புருவத்தைச் சுருக்கி, கொஞ்சம் தாமதித்து, "ஆமா ஆமா, அதான் அதான்" என்றார்.

பிறகு கண்ணாடி வேலை. அதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஸ்டுடியோ இன்ஜினியர். பாம்புக்காதை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மெத்தைக்காரர் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார்.

"கண்ணாடியில ஸ்பீக்கர் தெரிஞ்சா சொல்லுங்க அத்தான்."

"தெரியல... தெரியல... ம், தெரியுது."

"அங்க ஒரு கோடு போடு," என்றார் மனைவியிடம். "அந்த இடத்துலதான் அத்தான், சத்தம் மோதி உங்க காதுக்குத் திரும்புது. அங்க பலகை வந்தே ஆகணும்."

"நாற்காலியையும் முன்னாடி இழுத்துப் போடணும் அண்ணே," என்றாள் கோணியூசி. "சுவரோட ஒட்டி உக்காந்தா முழக்கம்தான் கேக்கும், பாட்டு கேக்காது."

"என் நாற்காலியையா?" மூத்த மாப்பிள்ளைக்கு அது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

அப்போது அவருடைய கைக்கடிகாரம் 'கீக், கீக்' என்றது. மணி பதினொன்று. யாரும் கவனிக்கவில்லை, கோணியூசியைத் தவிர. கிளம்பும்போது வாசலில் கேட்டாள்.

"அண்ணி, அந்த வாட்ச் மணிக்கு ஒரு தடவை அடிக்குமா?"

"அதை ஏன் கேக்கறே. ரெண்டு வருஷமா உசிரை வாங்குது. நிறுத்துங்கன்னா, அது எங்க அடிக்குதுங்கறார். பாட்டு வேற வர வரச் சத்தமா வைக்கிறார். பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. கேட்டா ரூம் சரியில்லையாம்."

கோணியூசி அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். அப்போது அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. அவள் மனசு வேறு கணக்கில் இருந்தது.

*

பலகைக்குள் வைக்கிற கண்ணாடிப் பஞ்சு நல்ல பஞ்சு இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியாகத் தோலில் இறங்கும். முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கைத் துணியால் கட்டி, கையுறை மாட்டித்தான் தொட வேண்டும். அந்த வெயிலில் அது ஒரு தண்டனை. தச்சர் அடித்துக் கொடுத்த மரச்சட்டத்தில் பஞ்சைப் பொருத்தி, மேலே துணி இழுத்து, பின்பக்கம் மடக்கி ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டும். சுவருக்கு மாட்ட மொத்தம் பன்னிரண்டு பலகை. மூலைகளில் நிறுத்த நான்கு தடித்த தூண்.

துணியில்தான் சூட்சுமம். இன்ஜினியர் ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தார்: துணியை வாயில் வைத்து ஊது, மூச்சு போனால் சத்தமும் போகும்.

பன்னிரண்டும் கட்டி முடித்துச் சுவரோரம் சாய்த்த அன்று, மெத்தைக்காரர் ஒன்றைத் தூக்கினார். எடையில் ஏதோ இடித்தது. பலகையை முகத்தருகே கொண்டுபோய் ஊதினார். மூச்சு முகத்துக்கே திரும்பி வந்தது.

அடுத்த பலகை. அதுவும் அப்படியே. ஒன்றின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தார். துணிக்கும் பஞ்சுக்கும் நடுவே பளபளவென்று தடித்த பிளாஸ்டிக் தாள்.

"என்னடி இது?"

"பிளாஸ்டிக்."

"எனக்குக் கண்ணு இருக்கு. ஏன்னு கேக்கறேன். இதை மாட்டினா சத்தம் உள்ள போகாது. திரும்ப அவர் மூஞ்சியிலதான் அடிக்கும். மூலையில தூண் மட்டும் நிஜம், அது அடி முழக்கத்தை உறிஞ்சிடும். மேல இருக்கிற கூச்சல் மட்டும் மிஞ்சும். தகர டப்பாக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்."

"பல் டாக்டர் முன்னாடி அவர் மானம் போகும்."

"அதுக்குத்தான்."

"கூடவே நம்ம கடை மானமும் போகும். அவங்க யார் கட்டினதுன்னு கேப்பாங்கல்ல?"

"கேக்கட்டும். மெத்தை தைக்கிறவளுக்கு வெறும் சத்தத்தைப் பத்தி என்ன தெரியும்னு சொல்லிடலாம்."

மெத்தைக்காரர் பிரித்த ஓரத்தில் கையை விட்டார். "எல்லாத்தையும் உருவிப் போடறேன்."

"ஒரு பின்னைத் தொட்டுப் பாருங்க." அவள் குரல் ஏறவில்லை. "அன்னிக்கு நீங்க டீ குடிச்சிட்டு இருந்தீங்க. இன்னிக்கும் போய்க் குடிங்க."

அவர் கையை எடுத்துவிட்டார். பிறகு நிஜமாகவே டீக்கடைக்குப் போனார். டீயை வாங்கி வைத்துக்கொண்டு, ஆறிப் போகும்வரை அதைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

*

முதலில் தூண்களையும் தரைவிரிப்பையும் திரைகளையும் கொண்டுபோனார்கள். பலகைகள் கடைசி நாள் மாட்டுவதாகத் திட்டம். தூண்கள் நான்கும் மூலையில் நின்றன. ஜன்னல் கண்ணாடி முழுவதையும் கனத்த மடிப்புத் திரை மூடியது. நாற்காலிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தடித்த விரிப்பு. நாற்காலி மூன்று அடி முன்னால் வந்திருந்தது. பலகை வரும் இடத்தில் சோதனைக்காகக் கடையிலிருந்து நாலைந்து பழைய ரஜாயை, தடித்த பஞ்சுப் போர்வைகளை, மெத்தைக்காரர் சுவரில் தொங்கவிட்டார்.

பாம்புக்காதுக்குப் பொறுமை இல்லை. "பாதி ரூமுக்கே எப்படி இருக்குன்னு ஒரு பார்வை பாத்துடலாம். என் அளவுகோலைப் போடறேன்."

"என்ன அளவுகோல் அத்தான்?"

"என்னோட முதல் ரெக்கார்டிங் மாப்ள. புது மைக் வாங்கினப்போ பண்ணது. அந்த நாள்லேர்ந்து எந்த மிஷின் வாங்கினாலும் முதல்ல இதைத்தான் போட்டுப் பார்ப்பேன். என் குரல் எனக்குத் தெரியாதா? குரல் சரியா வந்தா மிஷின் சரி."

யாருடைய டேப் அது என்பதை அவர் மறந்தே போயிருந்தார். கோணியூசி மறக்கவில்லை. ஓரத்தில் தன் கையாலேயே எழுதி ஒட்டிய காகிதம் மஞ்சளாகிக் கிழிந்து அரைகுறையாக இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பெட்டிக்குள் தள்ளி மூடுவதைக் கையில் ஊசியோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஹலோ," என்றார் பதினொரு வருஷத்துக்கு முந்தைய பாம்புக்காது, ஸ்பீக்கருக்குள்ளிருந்து. ஒரு நீண்ட இடைவெளி. "ஒண்ணு." இடைவெளி. "ரெண்டு."

அந்த இடைவெளியில்தான் அது இருந்தது.

மிக மெல்லியதாக, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வேலை செய்வதுபோல. முதலில் கத்திரி. பிறகு நூல் துணியில் உரசும் 'சர்ர்'. பிறகு, *ஊர் சுத்திப் பாத்தியா?*

"மூணு," என்றார் பாம்புக்காது அதன் மேல் ஏறி மிதித்துக்கொண்டு.

அழித்தது முழுதாக அழியவில்லை. அடியில் அம்மா அப்படியே உட்கார்ந்து பொத்தான் கட்டிக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாளும் இந்த அறையின் முழக்கம் அவளை மூடி வைத்திருந்தது.

கோணியூசி நாற்காலியைப் பார்த்தாள். பாம்புக்காது கண்ணை மூடி, முகத்தில் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்.

"எப்படி அண்ணே இருக்கு?"

"பிரமாதம். குரல் கணீர்னு இருக்கு."

"நடுவுல?"

"நடுவுல என்ன, சுத்தமான மௌனம்." கண்ணைத் திறக்காமலே கையை விரித்தார். "ஊசி விழுந்தா கேக்கும்."

கோணியூசி கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள். இரண்டு அடி நகர்ந்து, விரிப்பு முடிந்து டைல்ஸ் தெரிகிற இடத்தில், அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று, அதை விட்டாள்.

'டிங்.'

அறைக் கோடியில் ஏணி மேல் நின்ற மெத்தைக்காரர் திரும்பிப் பார்த்தார். வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

நாற்காலியில் இருந்தவர் அசையவில்லை. புன்னகையும் கலையவில்லை.

கோணியூசி குனிந்து ஊசியை எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்டாள்.

*

அன்று மத்தியானமே கடையில் தரையில் உட்கார்ந்து முதல் பலகையைக் கவிழ்த்து, பின்களை ஒவ்வொன்றாகக் கிளப்ப ஆரம்பித்தாள். பிளாஸ்டிக் தாளை உருவி மூலையில் எறிந்தாள். மெத்தைக்காரர் சாப்பிட்ட கையோடு வந்து பார்த்தார்.

"என்ன, மனசு எறங்கிடுச்சா?"

"இல்ல."

"பின்ன?"

"ரூம் கெட்டுப் போனா அவர் என்ன சொல்லுவார்? ரூம் சரியில்லம்பார். ஆம்ப்ளிஃபையர் மேல போட்டார், ஸ்பீக்கர் மேல போட்டார், இப்ப சுவர் மேல போடறார். நாளைக்கு நம்ம மேல போடுவார். பழி போட அவருக்கு ஒரு சுவர் கூட மிச்சம் இருக்கக் கூடாது." ஒரு பின்னைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினாள். "அவருக்குக் காது போயிடுச்சுங்க. ஊசி விழுந்ததை நீங்க கேட்டீங்க. அண்ணி கேட்டாங்க. அவர் கேக்கல."

மெத்தைக்காரர் மெதுவாக எதிரில் உட்கார்ந்தார்.

"அந்த டேப்புல அம்மா இருக்காங்க," என்றாள். "ஹலோவுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல. பாடுறாங்க."

அவர் அவள் எறிந்த பிளாஸ்டிக் தாளை எடுத்துச் சுருட்டினார். பிறகு, "அத்தான்கிட்டச் சொல்லுவோம். குடுத்துடுவார். அவ்வளவு கெட்டவர் இல்ல."

"கேட்டா குடுத்துடுவார்னு எனக்கும் தெரியும். சும்மா இருக்கிற டேப், எடுத்துட்டுப் போம்பார். எனக்கு அப்படி வேணாம். ஞாயித்துக்கிழமை அவரே எடுக்கணும். அவரே போடணும். நாலு பேர் கேக்கணும், அவர் ஒருத்தர் மட்டும் கேக்கக் கூடாது."

"அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?"

"என் மூஞ்சியில முழிச்சீங்கல்ல, பதினோரு வருஷம்."

மெத்தைக்காரர் எழுந்து போனார். போய்விட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். திரும்பி வந்தபோது அவர் கையில் இன்னொரு குறடு இருந்தது. இரண்டாவது பலகையைக் கவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு பலகைக்கும் பின் பிடுங்கி, திரும்பத் துணி இழுத்து அடிக்க இரண்டு பகல் ஆனது. கையெல்லாம் பஞ்சு குத்தித் தடித்துப் போயிற்று. ஒவ்வொன்றையும் முடித்ததும் அவளிடம் நீட்டுவார். அவள் ஊதுவாள். மூச்சு அந்தப் பக்கம் போகும்.

"இவ்வளவு சுத்தமா நாம யாருக்கும் செஞ்சதில்ல," என்றார் கடைசிப் பலகையை நீட்டியபடி.

"இவ்வளவு வேண்டப்பட்டவங்க யாரும் வந்ததில்லயே," என்றாள் அவள்.

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கோஷ்டி வந்தது. பல் டாக்டர், ரிடையரான பேங்க் மேனேஜர், ஒரு கணக்கு வாத்தியார். அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதுமே மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள். வெளியே தெரு இரைச்சல் இருந்ததே அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

பல் டாக்டர் அறை நடுவில் நின்று கைதட்டினார். தட்டு, தட்டோடு முடிந்தது. இன்னொரு தடவை தட்டிவிட்டு, "இது யாருங்க கட்டினது?" என்றார்.

"நம்ம மச்சான்தான். வீட்டு ஆளு." பாம்புக்காது பெருமையாகக் கதவோரம் கை காட்டினார். மெத்தைக்காரரும் கோணியூசியும் அங்கே நின்றிருந்தார்கள். "நீங்களும் இருந்து கேட்டுட்டுப் போங்க. டீ குடிச்சீங்களா மாப்ள?"

"வேணாம் அத்தான்," என்றார் மெத்தைக்காரர்.

ஏசியை நிறுத்தினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். அக்கா பிஸ்கட் தட்டோடு வந்து சுவரோரம் நின்றாள். பாம்புக்காது தன் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

"முதல்ல என் அளவுகோல்," என்றார். "இதைக் கேட்டாதான் ரூம் எப்படின்னு தெரியும்."

டேப் ஓடியது.

"ஹலோ."

பேங்க் மேனேஜர் ஆமோதிப்பாகத் தலையை ஆட்டினார். பிறகு ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் கழுத்தை முன்னே நீட்டினார்.

"ஒண்ணு."

பல் டாக்டரின் கை பாதி வழியில் பிஸ்கட்டோடு நின்றது.

"ரெண்டு."

"ஷ்ஷ்," என்றார் கணக்கு வாத்தியார், ஸ்பீக்கருக்குள் இருந்த பாம்புக்காதைப் பார்த்து.

"அடியில யாரோ பாடுறாங்க," என்றார் பல் டாக்டர் மெதுவாக. "ஒரு அம்மா. ஊசின்னு ஏதோ... பழைய டேப்பு மேல பதிஞ்சீங்களா? சில மிஷின் சரியா அழிக்காது. அடியில இருக்கிறது ஒட்டிக்கிட்டே இருக்கும். ஐயோ, எவ்வளவு நல்லாருக்கு. இதைக் காட்டத்தான் கூப்பிட்டீங்களா?"

"எந்த அம்மா?" என்றார் பாம்புக்காது.

"இதோ, இப்ப. *வீடு எப்படி இருக்குது*ன்னு. கேக்கலயா?"

பாம்புக்காது தலையைச் சாய்த்தார். வலது காதைத் திருப்பினார். எழுந்து போய் ஒலியைக் கூட்டினார். "மூணு!" என்று அவருடைய குரலே அவர் மேல் விழுந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டித் தடுத்தார்கள். "குறைங்க, குறைங்க. பாட்டு போயிடும்."

அக்கா பிஸ்கட் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கோணியூசியைப் பார்த்தாள்.

"இது உங்கம்மால்ல?" என்றாள். "என் கல்யாணத்துக்கு மெத்தை தைச்சப்ப இதைத்தானே பாடினாங்க. நான் பக்கத்துல உக்காந்து பொத்தான் எடுத்துக் குடுத்தேனே."

கத்திரி ஓடியது. நூல் உரசியது. அம்மா யாரையோ, "அந்தப் பொத்தானை எடுடி," என்று அதட்டினாள். வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். மேனேஜரும் சிரித்தார். பாம்புக்காது எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் கொஞ்சம் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பைப் பல் டாக்டர் பார்த்துவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று தலையைக் குனிந்து பிஸ்கட்டைப் பார்த்தார். சரியாக அப்போது மணி பதினொன்றாகி, பாம்புக்காதின் மணிக்கட்டில் கடிகாரம் 'கீக், கீக்' என்றது. அதற்கும் அவர் அசையாததை மற்ற இரண்டு பேரும் பார்த்தார்கள்.

பழி போட அவர் சுற்றிலும் தேடினார். மூலையில் தூண் இருந்தது. சுவரில் பலகை இருந்தது. ஜன்னலில் திரை இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

கடைசியில் அவர் கண் கதவோரம் வந்து நின்றது.

"தங்கச்சி," என்றார். பதினொரு வருஷத்தில் அந்தக் குரல் அவ்வளவு தாழ்ந்து அவள் கேட்டதில்லை. "நீ சொல்லு. என்ன கேக்குது?"

"ஒண்ணுமில்ல அண்ணே," என்றாள் கோணியூசி. "வெறும் சத்தம்தான்."

முன்னால் போய் டேப்பை நிறுத்தினாள். பெட்டியைத் திறந்து எடுத்தாள். முந்தானையில் ஒரு தரம் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மெத்தைக்காரர் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

*

கடையில் பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. வந்ததும் வராததுமாக அதில் போட்டாள்.

"ஹலோ. ஒண்ணு. ரெண்டு."

நடுவில் ஒன்றும் இல்லை. உஸ் என்று ஒரு இரைச்சல். தெருவில் வண்டி. பக்கத்துக் கடையில் சுத்தியல். காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்டாள். ரஜாயால் தலையை மூடிக்கொண்டு கேட்டாள். அவருடைய குரல்தான் வந்தது.

"அந்த மிஷின்ல, அந்த ரூம்லதான் கேக்கும் போல," என்றார் மெத்தைக்காரர். "நாமதான் கட்டிக் குடுத்தோம். அவர் வீட்டுல இருக்கு."

இரண்டு நாள் டேப் அவள் பைக்குள்ளேயே கிடந்தது. மூன்றாம் நாள், புதன்கிழமை, மத்தியான வேலையை முடித்து, கை கழுவி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அக்கா கதவைத் திறந்தாள். பாட்டு அறை திறந்திருந்தது. பாம்புக்காது தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எந்தப் பாட்டும் ஓடவில்லை. மணிக்கட்டில் கடிகாரம் இல்லை. அவள் வந்ததை அவர் கேட்கவில்லை. எதிரில் போய் நின்ற பிறகுதான் பார்த்தார்.

"எந்திரிங்க அண்ணே," என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் நீட்டிய டேப்பைப் பார்த்தார். நாற்காலியின் இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்தார்.

அவள் உட்கார்ந்தாள். அவர் டேப்பை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து, பொத்தானை அழுத்தினார். பிறகு எங்கே நிற்பது என்று தெரியாமல் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றார். அங்கிருந்து அவள் முகம் நன்றாகத் தெரியும். பாட்டு எந்த இடத்தில் வருகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று அந்த முகத்தைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம் என்று காத்திருந்தார்.

"ஹலோ," என்றது ஸ்பீக்கர்.

கோணியூசி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.